கொல்லைப் புல்லும் பேட்டரி மெஷினும்



மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையில் ஐந்து சென்ட், பத்து சென்ட் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் இப்போது நிறைய. வீடு பாதி, கொல்லை பாதி. ஐப்பசி, கார்த்திகை மழை நின்றதும் அந்தக் கொல்லையில் முழங்கால் உயரத்துக்குப் புல் ஏறிவிடும். அருகு, கோரை, நாயுருவி, பார்த்தீனியம் எல்லாம் சேர்ந்து நிற்கும். மலையடிவாரம் என்பதால் விரியன் பயம் வேறு. வெட்டிவிட ஆள் தேடினால், வயலில் களையெடுப்பு நடக்கிற அதே நேரம். யாரும் கிடைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டை அவிழ்த்து விடலாம்தான். புல்லோடு போன வருஷம் வைத்த மாங்கன்றையும் அது தின்றுவிட்டுப் போகும்.

அப்போதுதான் மெஷின் வாங்கலாமா என்ற யோசனை வருகிறது. பெட்ரோலா, பேட்டரியா?

கடையில் முதலில் சக்கரம் வைத்துத் தள்ளுகிற புல்வெட்டியைக் காட்டினால், நம் ஊர்க் கொல்லைக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் அதைச் செய்தது, மழை ஓயாத ஊரின் சமமான புல்தரைக்காக. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிற மதுரைப் பக்கத்தில், கல்லும் மேடுபள்ளமுமான செம்மண்ணில் புல்தரை வளர்ப்பதே தண்ணீருக்குக் கேடு என்பது என் கட்சி. நமக்கு வேண்டியது தோளில் மாட்டி, நீளக் கம்பின் நுனியில் நைலான் நரம்பு சுழன்று வெட்டுகிற மெஷின்.

அதிலும் பெட்ரோல் மெஷின் பலசாலி. சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக் கருவியை வாங்கும்போது, அது ஓடப்போகிற நேரத்தைவிடச் சும்மா கிடக்கப்போகிற மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கொல்லைப் புல்லை வருஷத்துக்கு நான்கைந்து தடவை வெட்டுவோம். மற்ற நாளெல்லாம் மெஷின் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பல மெஷின்களுக்கு லிட்டருக்கு 40 மில்லி. மிச்சம் வைத்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். அடுத்த மழைக்கு எடுத்தால் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழன்று வரும். தினமும் ஓடுகிற தோப்பு மெஷினுக்கு இந்த வியாதி வராது. வீட்டு மெஷினுக்குத்தான் வரும்.

புகையும் சத்தமும் அடுத்தது. பெட்ரோல் மெஷின் காதருகே 100 டெசிபலை நெருங்கும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கிற வரம்பு 55. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், இந்தச் சின்ன எஞ்சின்களின் புகையைக் கணக்குப் பார்த்துவிட்டு, 2024 முதல் தயாராகிற இப்படிப்பட்ட பெட்ரோல் தோட்டக் கருவிகள் பெரும்பாலானவற்றின் விற்பனைக்கே தடை கொண்டுவந்தது.

பேட்டரிக்கு வருவோம். பெட்டியின் மேல் '20 வோல்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆக 18. முழுச் சார்ஜில் சற்று நேரம் 20 காட்டும். 18 என்று எழுதிய மெஷினும் 20 என்று எழுதிய மெஷினும் பெரும்பாலும் ஒரே ஜாதிதான். நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்பியர்-ஹவர் என்கிற எண். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72 வாட்-ஹவர். பத்துத் தடவை சார்ஜ் ஏற்றினாலும் ஒரு யூனிட் மின்சாரம் தாண்டாது. ஆனால் மோட்டார் 300 வாட் இழுத்தால் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதும் அதே கணக்குதான். ஐந்து சென்ட் கொல்லையை ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் இரண்டு பேட்டரி வேண்டும். மாலையில் பாதி, மறுநாள் காலையில் பாதி என்றால் ஒன்று போதும்.

நம் கிராமங்களுக்குப் பேட்டரிக் கருவி புதிதும் இல்லை. முதுகில் மாட்டி மருந்தடிக்கிற 16 லிட்டர் ஸ்பிரேயர் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. அதில் வெகு நாளாக வருவது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் செத்துப்போகும். முழுசாக ஏற்றியே வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை லித்தியத்திடம் காட்டக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். உப்பிப்போன பேட்டரியை அன்றோடு நிறுத்திவிடுங்கள். அதைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது.

இனி வெட்டுகிற விதம். செருப்போடு இறங்காதீர்கள்; ஷூ, முழுக்கால் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும். நரம்பு தெறிக்க வைக்கும் சரளைக் கல் கண்ணைப் பதம் பார்த்துவிடும். இறங்குவதற்கு முன் நீளக் கம்பால் புதரைத் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மாங்கன்று, கொய்யாக்கன்றின் தண்டைச் சுற்றி ஓர் அடிக்குள் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். நைலான் நரம்பு பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால், இலை செய்கிற சாப்பாடு வேருக்குப் போகாது. கன்று மெதுவாக வாடிச் சாகும். நோயென்று மருந்தடித்துக்கொண்டிருப்போம். அடித்தூரை அரிவாளும் கையும் பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாக் களைக்கும் இந்த மெஷின் மருந்தல்ல. கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது. மேலே வெட்டினால் திரும்ப முளைக்கும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்.

கல்லாமையும் சப்பட்டையும் நிற்கிற இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால், புல்லுக்குப் பெட்ரோல் மெஷினையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காய் பறித்து முடித்தபின் கவாத்துக்கு மட்டும் பேட்டரிக் கத்தரி எடுத்துப் பாருங்கள். விரல் தடிமன் கிளைகளை நாளெல்லாம் வெட்டினாலும் மணிக்கட்டு வலிக்காது. ஒரே கம்பெனிக் கருவியாக இருந்தால் புல்வெட்டியின் பேட்டரியே இதற்கும் பொருந்த வாய்ப்புண்டு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் பெரும்பாலும் ஏறாது என்பதால், முதல் கருவி வாங்கும் அன்றே அடுத்ததையும் யோசித்துவிட வேண்டியிருக்கிறது.

மெஷினின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். சில வருஷத்தில் அதை மாற்றியாக வேண்டும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, மதுரையில் சர்வீஸ் எங்கே? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.