கோச் ஆகப் போகும் பிள்ளையும் கோர்ஸ் பணமும்

(நமது டிரஸ்ட் நடத்திய தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கோச்சிங் என்றால் நம் ராஜபாளையத்தில் நீட் கோச்சிங். அதை விட்டால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறும் கோச். 'எக்ஸிகியூட்டிவ் கோச்' என்று ஒரு தொழில் இருப்பதே நம் வீடுகளுக்குப் புதிது. இதைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், இங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக மூன்று குடும்பங்கள் சமீபத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்த பிள்ளை, வேலையை விட்டுவிட்டு கோச் ஆகப் போகிறேன் என்கிறான். கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ஒரு கம்பெனியின் மேலாளரோ முதலாளியோ மாதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம் கோச்சுடன் தனியாக உட்காருவார். கோச் அவருக்கு யோசனை சொல்ல மாட்டார். அது கன்சல்டன்ட் வேலை. கோச் கேள்வி கேட்பார். அவர் தானாக ஒரு முடிவுக்கு வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். போன தடவை செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தீர்களா என்று அடுத்த தடவை விடாமல் கேட்பார். பார்க்க எளிது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த இந்தியர் ராம் சரண். உத்தரப் பிரதேசத்துக்காரர். குடும்பத்துக்குச் செருப்புக் கடை. அந்தக் கடையில் நின்றவர் பனாரஸில் இன்ஜினியரிங் முடித்து, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பாடமும் நடத்தினார். முழு நேர ஆலோசகராக இறங்கியது 1978இல்தான். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் அவரை வைத்துக்கொண்டார்கள். ஒரு கம்பெனியின் கணக்கைப் படிக்கும்போது கல்லாவில் பணம் எப்படி வருகிறது, சரக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் பழக்கம் செருப்புக் கடையில் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கவனியுங்கள், கடை அனுபவமும் படிப்பும் பல வருஷ வேலையும் முன்னால் வந்தன. கோச் என்ற பெயர் பின்னால் வந்தது. கோர்ஸ் விற்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் அரசு லைசென்ஸ் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் கம்பெனிகள் பெரும்பாலும் 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் அமைப்பான ஐ.சி.எஃப். சான்றிதழைக் கேட்கின்றன. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும், ஆட்களோடு உட்கார்ந்த 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அந்த 100இல் 75 மணி நேரம் காசு வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். அடுத்த படிக்கு 500 மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் 100க்கே ஒரு வருஷம் ஆகிறது. ஆகவே அந்த ஒரு வருஷம் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும். சனி ஞாயிறில் ஆரம்பியுங்கள். ராஜினாமா கடிதத்துக்கு அவசரமில்லை.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரிலேயே இதற்கு வேலை இருக்கிறது. நூல் மில்கள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனிகள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகள் என்று நம்மைச் சுற்றிக் குடும்பத் தொழில்கள்தானே. எம்.பி.ஏ. முடித்த மகன் ஒரு பக்கம், சாவியை விடாத அத்தா ஒரு பக்கம். மகனுக்கு கோச் வைக்கிறவர் அத்தா. பணம் கொடுக்கிறவரும் அவரே. மூன்றாம் மாதம் அவர் போன் போட்டு, "என்ன தம்பி, என்னைப் பத்தி என்ன சொல்றான்?" என்று கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார்.

அங்கேதான் தொழில் நிற்கும் அல்லது விழும். அஸருக்குச் சொன்னது மஃரிபுக்குள் ஊர் முழுக்கத் தெரியும் ஊர்கள் இவை. அறைக்குள் பேசியது அமானிதம். அதை ஒரு தடவை வெளியே விட்டால் அந்த வீடு மட்டுமில்லை, அவர்கள் சம்பந்தி வீடும் கதவைச் சாத்திவிடும். எனவே வேலை ஆரம்பிக்கும் முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: எத்தனை சந்திப்பு, என்ன இலக்கு, பணம் கொடுப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது. வந்தாரா இல்லையா, இலக்கு என்ன என்பது வரை அத்தாவுக்குச் சொல்லலாம். மற்றதை மகன் விரும்பினால் அவனே சொல்லட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத முதலாளியின் வேலையை விட்டுவிடுங்கள். முதல் வருஷமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பலன் வந்ததா என்று யார் சொல்வது? அமெரிக்காவில் மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்ற கோச் ஒரு வழி வைத்தார். நிர்வாகியோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டு, மாற்ற வேண்டிய ஒன்றிரண்டு பழக்கங்களை எடுத்துக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அதே ஆட்கள் மாற்றம் வந்தது என்று சொன்னால்தான் கூலி. புதிதாக வருகிறவர் கூலிக்கு இந்தப் பந்தயம் கட்ட வேண்டாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் பலனை கூட இருப்பவர்களிடம் கேட்கும் முறை நம் சிறு கம்பெனிகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

பணக் கணக்கு சுருக்கமாக. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். உத்யம் பதிவை இப்போதே செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு இருந்தால் பில் பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று கம்பெனியிடம் சட்டப்படி கேட்கலாம். பெரிய கம்பெனிகள்தான் அதிகம் இழுத்தடிக்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மனிதவளத் துறையிலோ வங்கியிலோ பத்து வருஷம் இருந்துவிட்டு, பிள்ளைகளுக்காக வீட்டில் இருக்கும் சகோதரிகள் நம்மில் பலர். இந்த வேலை பெரும்பாலும் வீடியோ அழைப்பில் நடக்கிறது. மூன்று குடும்பங்களும் கேட்டது மகனைப் பற்றி. மருமகளைப் பற்றியும் யாராவது வந்து கேளுங்கள்.