ஆராய்ச்சி மணியின் கயிறு யார் கையில்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"தேசியப் பாதுகாப்பு" என்னுஞ் சொல் இந்நாளில் எல்லா நாட்டு அரசினர் வாயிலும் அடிக்கடி வழங்குகின்றது. நாட்டைக் காப்பது அரசின் முதற் கடமை என்பதை நான் மறுக்க வரவில்லை. காவலில்லாத நாட்டிலே கல்வியுமில்லை, வழிபாடுமில்லை. ஆயின், காவலின் பெயரால் ஓர் அரசு குற்றமற்றோர் உயிரைப் போக்குமானால், அதற்குக் கணக்குக் கேட்பவர் யார்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அநுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளன், முறையிட வருவோர் இழுப்பதற்கென நீண்ட கயிறு கட்டிய மணியொன்றைத் தன் படுக்கையின் தலைமாட்டிலே தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. அவன் மகனுடைய தேர்க்காலில் ஒரு கன்று மடிந்தது. தாய்ப்பசு வந்து மணியை அசைத்தது. மன்னன் அதே தேர்ச் சக்கரத்தாலே மகனுடைய தலையைக் கொய்வித்தான். திருவாரூர் மனுநீதிச் சோழனைப்பற்றிப் பெரியபுராணம் கூறுவதும் இவ்வகைக் கதையே. அத்தண்டனை இக்காலத்துக்கு ஒவ்வாது, அது நிற்க. நாம் கருத வேண்டியது மணியை. மன்னனின் உறக்கத்தைக் கெடுக்கும் மணியின் கயிறு மன்னன் கையில் இல்லை. முறையிடுவோர் கையில் இருந்தது.

இனி நம் காலத்து நிகழ்ச்சியொன்றைப் பார்ப்போம். 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆந் திகதி, ஆப்கானிஸ்தானின் காபூல் விமான நிலைய வாயிலில் ஒரு தற்கொலைக் குண்டுதாரி அமெரிக்கப் படையினர் பதின்மூவரையும் ஆப்கானியர் பலரையும் கொன்றான். மற்றொரு தாக்குதல் வருமென்ற அச்சம் படையினரைப் பற்றியது. அது பொய்யச்சம் அன்று. 29 ஆந் திகதி, ஆளில்லா விமானத்தின் மூலம் ஒரு வெள்ளைக் காரை ஏறக்குறைய எட்டு மணி நேரம் பின்தொடர்ந்து, அது ஒரு வீட்டு முற்றத்தில் நின்றதும் ஏவுகணையால் தாக்கினர். பத்துப்பேர் இறந்தனர். அவர்களுள் எழுவர் குழந்தைகள். காரை ஓட்டியவர் பசித்தோர்க்கு உணவளிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியர்.

செப்டெம்பர் 1 ஆந் திகதி அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர், அஃது அறத்தின்பாற்பட்ட தாக்குதல் என்றார். ஆனால் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையினர் உறவினரை விசாரித்தும், கமராப் பதிவுகளை ஒப்புநோக்கியும், அன்று காரில் ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கலன்களே என்று எடுத்துக்காட்டினர். அதன் பின்னர், 17 ஆந் திகதி, அது பெருந்தவறென இராணுவம் ஒப்புக்கொண்டது. விமானப்படையின் உயர் அதிகாரி ஒருவர் நடத்திய விசாரணையோ, சட்டமீறலும் இல்லை, கவனக்குறைவும் இல்லை என்று நவம்பரில் முடிவு கூறியது. தாக்குதலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடங்களுக்கு முன் ஒரு குழந்தை அவ்விடத்தில் இருந்ததைப் படச்சுருளிற் காணலாம் என்பதும் அவ்விசாரணையில் வெளிவந்ததே. எவருக்கும் தண்டனை இல்லையென டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது.

"போரிலே தவறு நேர்வது இயல்பு" என்பர் சிலர். உண்மைதான், எட்டு மணி நேரம் வானிலிருந்து பார்த்தவரும் தண்ணீர்க் கலனை வெடிகுண்டாகக் காணலாம். ஆனால் தவறு நேரும் என்று முன்னரே அறிந்தவனுக்கன்றோ எச்சரிக்கைக் கடமை அதிகம்? போர் தொடங்குமுன் பசுக்களையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் தேடிக்கொள்ளுமாறு எச்சரித்தல் அறமென நம் புறநானூறு கொண்டது. 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977 இல் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையும், ஒருவர் போராளியோ பொதுமகனோ என்று ஐயம் எழுந்தால் பொதுமகனாகவே கொள்க என்கின்றது. இவ்விதிகள் ஏட்டில் நிற்பதும் நாட்டில் நடப்பதும் பின்னர் கணக்குக் கேட்பதைப் பொறுத்தவை. தாக்கியவரே விசாரணையாளரையும் நியமித்து, தண்டனையையும் தீர்மானிப்பாராயின், மணியின் கயிறு அரண்மனைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டதாகும். காபூலில் அதனை வெளியிலிருந்து அசைத்தவர் பத்திரிகையாளர். அவர்கள் அசைத்திராவிட்டால் அவ்வெழுவரும் இன்றும் ஓர் "அறத் தாக்குதலின்" கணக்கிலே மறைந்திருக்கக்கூடும்.

1983 முதல் 2009 வரை போர் நடந்த இந்நாட்டிலே இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் கேட்பது பழிக்குப் பழியன்று, விடை.

அவ்விடையைத் தேடுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு வழி தந்துள்ளது. தேசியப் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் தகவலை மறுக்கலாமென அதன் 5 ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆயினும், வெளியிடுவதால் வரும் பொதுநன்மை தீங்கினும் மிகுமாயின் மறுத்தலாகாது என்றும் அதே பிரிவு கூறுகின்றது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நம்மில் எத்தனைபேர் வாசித்திருக்கின்றோம்?

ஆதலால், இளைஞர்காள், ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். வரும் ஆண்டிலே நம் வாசிகசாலையில் அச்சட்டத்தின் தமிழ்ப் பிரதியை வைப்போம். மாதமொருமுறை கூடி வாசிப்போம். விண்ணப்பம் எழுதத் தெரியாத தாயொருத்தி வந்தால், அவளுக்காக எழுதிக் கொடுப்போம். பெரியோர்கள் நம்மைத் தடுக்காது ஆசி கூறுவார்களாக. வாயற்ற பசுவுக்கும் மணி அசைக்க இடமிருந்த நாட்டிலே, வாயுள்ள மனிதர் வாளாவிருத்தல் தகாது.