ரேஷன் தர்மமல்ல, பாத்தியதை!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று பெரிய விஷயம் எதையும் பேச நான் வரவில்லை. ரேஷன் பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதைப் பேச ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். 2020-ம் வருஷத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அப்புறம் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

அந்த வருஷம் மார்ச் 24-ம் தேதி இரவு, மறுநாள் முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். ஆலைச் சங்கு நின்றது. பஸ் நின்றது. பூப் பறிக்கிற தாய்மார்களுக்கு வேலை நின்றது. பறித்தாலும் வாங்க ஆளில்லை. மாதச் சம்பளக்காரர் பேங்கைப் பார்த்தார். பதிலித் தொழிலாளியும் காண்டிராக்ட் தொழிலாளியும் அரிசிப் பானையைப் பார்த்தார்கள். தினக்கூலி வாங்குகிறவன் வீட்டில் 21 நாளுக்கு அரிசி எங்கே இருக்கும்? கொரோனாவுக்குப் பயந்து கதவை அடைத்த குடிசையில் பசி ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தது.

நாட்டில் தானியம் இல்லையா? இருந்தது. ஏப்ரல் முதல் தேதியில் மத்திய சர்க்கார் கிடங்குகளில் இருக்கவேண்டிய கையிருப்பு சுமார் 210 லட்சம் டன். அன்று இருந்ததோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தானியம் இருப்பது வேறு, அது உலையில் கொதிப்பது வேறு. 1943-ல் வங்காளத்தில் என்ன நடந்தது? சுமார் 30 லட்சம் மக்கள் பசியிலும், பசியைத் தொடர்ந்து வந்த காலராவிலும் மலேரியாவிலும் அம்மையிலும் மாண்டார்கள். விலை ஏறியது, பதுக்கல் நடந்தது. முதலில் செத்தவர்கள் யார்? நிலமில்லாத கூலிகள், மீன் பிடிப்பவர்கள். அரிசியைப் பயிர் செய்யும் கைகளுக்கே அரிசி கிடைக்கவில்லை. பசியும் நோயும் ஜோடி மாடுகள், தோழர்களே! ஒன்றை அவிழ்த்துவிட்டால் மற்றதும் பின்னாலேயே வரும்.

2020-ல் நம் மாநிலம் அந்த நிலைக்குப் போகவில்லை. காரணம், தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருந்தது. 1997-ல் மத்திய சர்க்கார் ஏழை யார், ஏழையல்லாதவர் யார் என்று கோடு கிழித்து ரேஷனைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையை விடவில்லை. அதனால்தான் சுமார் 2 கோடி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை விலையில்லாமலும் டோக்கன் கொடுத்து விநியோகிக்க முடிந்தது. 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது இரண்டு தவணையில் 4,000 ரூபாயும் 14 மளிகைச் சாமான்களும் கொடுக்கப்பட்டதும் இதே கடைகள் வழியாகத்தான். மத்திய சர்க்கார் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியத்தை 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலும், மறுபடி 2021 மே முதல் 2022 டிசம்பர் வரையிலும் கொடுத்தது. அம்மா உணவகங்கள் பல ஊர்களில் காசு வாங்காமல் சோறு போட்டன. பக்கத்துக் கேரளத்தில் சில நாட்களுக்குள் ஊராட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்து, வெளியே வர முடியாதவர் வீட்டுக்கே பொட்டலம் கொண்டு போனார்கள்.

இவ்வளவும் நடந்தது உண்மை. அப்படியானால் பட்டினி இருந்ததா? இருந்தது. நானே பார்த்தேன். அதைத்தான் இன்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் இரண்டாவது வாரம். எங்கள் சங்கத்துத் தோழர்கள் வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் திரட்டிப் பை பையாகக் கட்டினோம். யாருக்குக் கொடுப்பது? சங்கப் பேரேட்டை எடுத்தோம். அதில் பேர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தோம். நல்ல வேலை செய்துவிட்டோம் என்று திருப்தியோடு டீக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறு பையன் வந்தான். "மாமா, கடைசி வீட்டுத் தாத்தா எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு" என்றான்.

போய்ப் பார்த்தோம். ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும். பெரியவர் முப்பது வருஷம் மில்லில் உழைத்து ஓய்வு பெற்றவர். இருவர் பேரும் வெளியூர் மகனுடைய அட்டையில் இருந்தன. ஆகவே இந்த ஊரில் அவர்களுக்கு டோக்கனும் இல்லை, ஆயிரம் ரூபாயும் இல்லை. சங்கப் பேரேட்டிலும் அவர் பேர் இல்லை. ஓய்வு பெற்ற அன்றே அடித்துவிட்டோம். நாலைந்து நாளாக நீராகாரம்தான் ஆகாரம். "ஏன் ஆத்தா, பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சொன்னார்: "கேட்டுப் பழக்கமில்லீங்க, கண்ணு."

தோழர்களே, அந்த வார்த்தை இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை. தவறு அவர்களுடையதல்ல, எங்களுடையது. பேரேட்டைப் பார்த்தோம், தெருவைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து பேசினோம். மறுநாள் காலை தெருவின் இரண்டு முனையிலிருந்தும் கிளம்பி, ஒவ்வொரு அடுப்பையும் எண்ணினோம். அப்போதுதான் தெரிந்தது, விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று! பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்கள் அட்டை சொந்த ஊரில் கிடந்தது. மே மாதம் நடுவில்தான் அட்டையில்லாத வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஆளுக்கு 5 கிலோ, இரண்டு மாதத்துக்கு என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் நடந்தே கிளம்பிவிட்டார்கள். 2021 ஜூன் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், எந்த மாநிலத்து அட்டையானாலும் எந்த ஊரிலும் ரேஷன் கிடைக்க ஜூலை 31-க்குள் வழி செய்யுங்கள், தொற்று நீடிக்கும்வரை வெளியூர்த் தொழிலாளருக்குச் சமையற்கூடம் நடத்துங்கள் என்று உத்தரவு போட்டது.

இன்னொரு சம்பவம். 2020 அக்டோபரில் கடைகளில் விரல் ரேகை எந்திரம் வந்தது. ரீலிங்கில் காலமெல்லாம் நூல் சுற்றிய ஒரு பாட்டியின் விரலை அந்த எந்திரம் மூன்று தடவையும் ஏற்கவில்லை. பாட்டி வெறும் பையோடு திரும்பினார். உழைத்துத் தேய்ந்த விரல், உழைத்ததற்காகவே அரிசியை இழப்பதா? மறுநாள் நான் கூடப் போனேன். கடைக்காரர் மேல் பாயவில்லை. அவரும் கொஞ்சச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிறவர்தான். "போனுக்கு வரும் எண்ணை வைத்துப் போடலாமே" என்றேன். பதிந்திருந்தது வெளியூர் மகனின் எண். கூப்பிட்டோம், அவர் எண்ணைப் படித்தார், அரிசி வந்தது. ரேகை விழவில்லை, ஆதார் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உத்தரவு தாளில் இருக்கிறது, பாட்டி வெயிலில் நிற்கிறார். இரண்டையும் சேர்த்து வைப்பது யார் வேலை? நம் வேலை.

இன்னொரு தொற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வந்த பிறகு ஓடாமல், இப்போதே செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டில் எல்லோர் பேரும் இருக்கிறதா? பதிந்த போன் எண் உங்களுடையதா? தனியாக இருக்கும் முதியவர் பேர் எந்த ஊர் அட்டையில் இருக்கிறது? தனி அட்டை வேண்டுமென்றால் இன்றே மனுப் போடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தாலுகாவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே போகும்போது தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.

இரண்டாவது, நடக்க முடியாத முதியவர் தமக்குப் பதில் வாங்க ஒருவரை நியமிக்கலாம். அதற்குப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் தெருப் பெரியவர் பேர் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று விசாரியுங்கள். முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கு மாதாமாதம் தனியாக அரிசியும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள். 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடி மூலம் சத்துணவு உரிமை. பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு உரிமை. பள்ளி மூடினாலும் பிள்ளை வயிறு மூடாது. 2020-ல் பள்ளி மூடிய மாதங்களில் அந்த அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுக்கப்பட்டது. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தரவேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

நாலாவது, புகார். ரேஷன் குறைக்கு 1967 என்ற எண். ஆதரவற்ற முதியவருக்கு 14567 என்ற எண். வாயால் சொன்னதோடு விடாதீர்கள்; தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் குறைதீர் அதிகாரியும் மாநிலத்தில் உணவு ஆணையமும் அந்தச் சட்டப்படி ஏற்பட்டவை.

கடைசியாக ஒன்று. நாம் திரட்டிக் கொடுக்கும்போது, வாங்குகிறவரை நிறுத்திப் போட்டோ பிடிக்காதீர்கள். அந்த அம்மாள் ஏன் கேட்கவில்லை? கேட்பது பிச்சை என்று நினைத்தார். முப்பது வருஷம் உழைத்தவன் வீட்டுக்கு ஒரு படி அரிசி போவது பிச்சையா? நெல்லை விளைவித்தவர் நாம். நூலை நூற்றவர் நாம். கிடங்கில் மூட்டை சுமந்தவரும் நம்மவர். வாங்குகிற சாமான் ஒவ்வொன்றிலும் வரி கட்டுகிறவரும் நாம். அந்த அரிசி நமது பாத்தியதை. பாத்தியதையைக் கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்கத் தெரியாதவருக்காகக் கேட்காமல் இருப்பதில்தான் வெட்கம்.

அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். அட்டையும் மாற்றி வாங்கினோம். இன்றைக்கு யார் வீட்டில் அட்டை இல்லை என்று எங்களுக்கு முதலில் வந்து சொல்கிறவர் அந்த அம்மாள்தான்!

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறபோது உங்கள் தெருவின் கடைசி வீடு வரை நடந்து போங்கள். அடுப்புகளை எண்ணுங்கள். எந்த அடுப்பு எரியவில்லை என்று நாளைக் காலை ஷிப்டுக்கு வரும்போது சங்கத்தில் சொல்லுங்கள்.