தச்சுப் பட்டறையும் ஒரு ஊழியமே
(சிவகிரி ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு நிற்கவில்லை. தச்சு வேலைக்கும் வழிகாட்டினார். உணர்வற்ற கை காயத்தை அறியாது. ஆகவே ஒவ்வொரு கருவியிலும் கவனம் வைத்தார்.

ஊன்றுகோல் செய்யும் எங்கள் பட்டறையிலும் அக்கவனம் தேவை. மரத்தூசி மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்டது. எனவே ரூட்டர் மேசைக்குப் பிரேக் உள்ள சக்கரங்கள் பொருத்தினோம். வார்டுக்கு எட்டத் தள்ளி, பிரேக்கிட்ட பின்பே இயக்குகிறோம். பிட்டின் பின்னாலும் மேசைக்கு அடியிலும் குழாய் வைத்து, தூசியை உறிஞ்சி எடுக்கிறோம்.

பிறரை நடக்கச் செய்கிறவர் தம் மூச்சை இழக்கலாகாது. தங்கள் காணிக்கை அதையும் காக்கிறது. தச்சர் வீட்டில் வளர்ந்த நம் ஆண்டவர் தங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.