ஒரு குப்பி மருந்தும் பத்து வீட்டுக் கோழிகளும்

(திருவனந்தபுரத்தில் தொடர்கல்வி மையம் ஒன்றில் கோழி வளர்க்கும் ஒரு தாய் பேசியது)



என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பட்டம் படித்தவள் அல்ல. உங்களைப் போல, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு எழுத்துக் கற்றவள். எனக்கு நன்றாகத் தெரிந்தது கோழி. அதனால் கோழிக்குஞ்சைப் பற்றியே பேசுகிறேன்.

கோழிக்குஞ்சு வளர்ப்பதில் சந்தோஷம் உண்டு. நஷ்டமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்று சென்டில் ஒரு கோழி

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். கரமனை ஆற்றுக்குப் பக்கம் எங்கள் வீடு. மொத்தம் மூன்று சென்ட் இடம். ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கிணறு. வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் வேலை. வேலை இருந்தால் கூலி. இல்லாவிட்டால் இல்லை.

1989-ல் என் மாமியார் ஒரு நாட்டுக்கோழி கொண்டுவந்து தந்தார். "பிள்ளைக்கு முட்டையாவது கிடைக்கட்டும்" என்றார். கோழி 13 முட்டை இட்டது. பிறகு கூட்டை விட்டு எழும்பவில்லை. கிட்டே போனால் சிறகை உப்பிக்கொண்டு கொத்த வந்தது. "அடைக்கு வந்துவிட்டது. முட்டை வை" என்றார் மாமியார்.

ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, 11 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் இரவு மாமியார் ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். உயிருள்ள முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோலத் தெரிந்தன. ஒன்றில் எதுவும் இல்லை. "இது கூமுட்டை" என்று எடுத்துவிட்டார்.

21 நாள் ஆனது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள்தான் முதலில் கேட்டாள். "அம்மா, முட்டை பேசுது!" என்று ஓடி வந்தாள். முட்டை ஓட்டில் சின்னக் கீறல். உள்ளேயிருந்து 'கீச் கீச்' என்று சத்தம். அன்று அவள் சோறு தின்னவே வரவில்லை. கூடைப் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. நனைந்த பஞ்சுபோல வெளியே வந்த குஞ்சுகள், சற்று நேரத்தில் உலர்ந்து மஞ்சள் பூவாக நின்றன.

தாய்மார்களே, தாய்க்கோழி குஞ்சு மேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புழு கிடைத்தால் தான் தின்னாது. 'கொக் கொக்' என்று கூப்பிட்டுக் குஞ்சின் முன்னால் போடும். ஆகாயத்தில் பருந்து நிழல் தெரிந்தால் வேறு மாதிரிக் குரல் கொடுக்கும். உடனே குஞ்சுகள் சிறகுக்குள் ஓடும். அதைப் பார்த்தால் கூலி இல்லாத நாளின் கவலைகூடக் கொஞ்சம் குறையும்.

என் தவறு

முதல் வாரம் ஒரு குஞ்சைக் காக்கை தூக்கியது. அது என் கவனக்குறைவு. பிறகு பஞ்சாரம் வாங்கி, பகலில் குஞ்சுகளை அதற்குள் கவிழ்த்து வைத்தேன். எட்டுக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன.

குஞ்சுகளுக்கு ஏழு வாரம் இருக்கும். உறவினர் ஒருவர் ஊரிலிருந்து வந்தார். வரும் வழியில் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கோழி வாங்கி வந்தார். அது சற்றுத் தூங்கி விழுந்தது. "பஸ்ஸில் வந்த களைப்பு" என்று நினைத்தேன். எங்கள் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன்.

ஆறாம் நாள் குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. சின்ன உள்ளியும் மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுத்தேன். பலன் இல்லை. ஒரு வாரத்தில் எட்டுக் குஞ்சுகளும் செத்தன. தாய்க்கோழியும் செத்தது.

அதோடு நிற்கவில்லை. செத்த குஞ்சுகளை நான் பின்பக்க ஓடையில் எறிந்தேன். அடுத்த வீட்டுச் சேச்சியின் கோழிகள் அந்த ஓடைக் கரையில்தான் மேயும். சேச்சியிடம் ஆறு கோழிகள் இருந்தன. முட்டை விற்றுத்தான் பேத்திக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்தார். பத்து நாளில் ஆறும் போயின. சேச்சி என்னிடம் சண்டை போடவில்லை. ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை.

என் நஷ்டத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது.

அது என்ன நோய்?

அந்த நோயைத் தமிழில் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். இங்கே மலையாளத்தில் கோழிவசந்த என்பார்கள். டாக்டர்கள் இராணிக்கேத் நோய் என்பார்கள். இராணிக்கேத் என்பது வடக்கே இமயமலைப் பக்கம் உள்ள ஓர் ஊர். 1927-ல் நம் நாட்டில் அங்கே இந்த நோயைக் கண்டறிந்தார்கள். அதனால் அந்த ஊர்ப் பெயர் வந்தது. அதற்கு முந்தின ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் இதே நோய் வந்தது. அதனால் மற்ற நாடுகளில் நியூகாசில் நோய் என்கிறார்கள்.

இது வைரஸ் கிருமியால் வருவது. நோய்க் கோழியின் எச்சம், மூச்சு, தீவனம், தண்ணீர், நம் செருப்பு, கூடை இவற்றின் மூலம் பரவும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு.

அந்த மருந்து அப்போதும் இருந்தது. எங்கள் தெருமுனை வாசகசாலைச் சுவரில், தடுப்பு மருந்து போடும் நாளைப் பற்றி அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நான் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனேன். அந்தக் காகிதம் எனக்கு வெறும் காகிதம். அதில் என்ன இருந்தது என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் எழுதிய முதல் பட்டியல்

1990-ல் கேரளம் முழுவதும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். எனக்குத் தமிழில் சொல்லித் தந்தார்கள். பிறகு மகளின் புத்தகத்தைப் பார்த்து மலையாளமும் எழுத்துக்கூட்டினேன். 1991 ஏப்ரல் 18-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தார்கள்.

அந்த ஆண்டு அதே வாசகசாலைச் சுவரில் மறுபடியும் ஓர் அறிவிப்பு. நின்று, மெல்ல மெல்ல வாசித்தேன். கோழித் தடுப்பு மருந்து பற்றியது. நேரே மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு விஷயம் சொன்னார்கள். ஒரு குப்பி மருந்து 100 கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. "உங்கள் வீட்டில் எத்தனை கோழி?" என்று கேட்டார்கள். "ஐந்து" என்றேன். "பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

அன்று மாலை ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். பெயரும் கோழிக் கணக்கும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பட்டியல் அதுதான். ஒன்பது வீடு ஆனது. பத்தாவது, சேச்சி வீடு. வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

"சேச்சி, என்னால்தான் உங்கள் கோழி போனது. செத்ததை ஓடையில் போட்டது நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன். நாளைக்கு மருந்து போடுகிறார்கள். உங்கள் பெயரையும் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

சேச்சி கொஞ்ச நேரம் என் நோட்டையே பார்த்தார். பிறகு, "எழுது. நாலு கோழி" என்றார்.

பத்து வீட்டில் 63 கோழி இருந்தது. ஐஸ் வைத்த பாத்திரத்தில் மருந்து வந்தது. எங்கள் முற்றத்தில் வைத்துத்தான் எல்லாவற்றுக்கும் போட்டோம். நான் பிடிக்கப் பிடிக்க, சேச்சி சிறகைத் தூக்கிக் காட்டினார்.

அன்று ஒன்று புரிந்தது. கோழி என் வீட்டில் மட்டும் மேய்வதில்லை. நோயும் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. என் கோழியைக் காப்பாற்ற வேண்டுமானால் பக்கத்து வீட்டுக் கோழியையும் காப்பாற்ற வேண்டும்.

இப்போது தடுப்பு மருந்து நம் மாவட்டத்திலேயே, பாலோட்டில் உள்ள அரசு நிறுவனத்தில் தயாராகிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள். சுமார் இரண்டு மாதம் ஆனபின் ஊசி போடுவார்கள். நோய் இல்லாத கோழிக்குத்தான் போட வேண்டும். அடுத்து எப்போது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

தாய் இல்லாத குஞ்சுகள்

இப்போது பலர் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை வாங்குகிறார்கள். நம் ஊரில் குடப்பனக்குன்னில் அரசுக் கோழிப்பண்ணை இருக்கிறது. திருச்சூர்ப் பக்கம் மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீ என்ற இனம் வீட்டு முற்றத்துக்கு ஏற்றது. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டை இடும். ஆனால் இப்படிப்பட்ட இனங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதனால் ஒரு நாட்டுக்கோழியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய குஞ்சுக்குத் தாயின் சூடு இல்லை. நாம்தான் சூடு தர வேண்டும். அட்டையால் வட்டமாகத் தடுப்பு வையுங்கள். தரையில் உமியோ மரத்தூளோ பரப்புங்கள். மேலே ஒரு குண்டு பல்பு தொங்கவிடுங்கள். குஞ்சுகளே உங்களுக்குச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர் என்று பொருள். விலகிப் போய் வாயைத் திறந்தால் சூடு அதிகம். எங்கும் பரவி மேய்ந்தால் சூடு சரி.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து செத்துப்போகும். உமி நனைந்தால் உடனே மாற்றுங்கள். நம் ஊரில் மழைக்காலம் நீளம். ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் வரும். இரவில் கூட்டைத் தாழ் போடுங்கள். மரநாயும் கீரியும் சின்ன ஓட்டை வழியாகவும் நுழையும்.

சேவலை விற்ற நாள்

இன்னொரு நஷ்டம் உண்டு. அதற்குத் தடுப்பு மருந்து இல்லை.

பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். எல்லாச் சேவலையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றோடொன்று சண்டை போடும். தீவனமும் போதாது. என் மகள் ஒரு சேவலுக்குக் 'கொண்டைக்காரன்' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகும்போது வாசல் வரை கூடவே போகும். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாத வாரம், அதை விற்றேன். அவளிடம் சொல்லாமல் விற்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தேடினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விற்றது தவறு அல்ல. சொல்லாமல் விற்றதுதான் தவறு. அதற்குப் பிறகு, குஞ்சு பொரித்த அன்றே சொல்லிவிடுவேன். "மகளே, இவற்றில் சிலது வளரும். சிலது சாகும். சிலதை விற்போம்." அவள் அழுவாள். ஆனால் ஏமாந்ததாக நினைக்க மாட்டாள். இன்று அவளும் ஒரு தாய். அவள் வீட்டிலும் கோழி இருக்கிறது. அவளும் தன் பிள்ளையிடம் அப்படித்தான் சொல்கிறாள்.

மறைத்தால் ஆபத்து

2023 ஜனவரியில் நம் மாவட்டத்தில், அழூர் பஞ்சாயத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. சுற்று வட்டாரத்தில் இருந்த கோழிகளையும் வாத்துகளையும் அழிக்க வேண்டிவந்தது. நோய் இல்லாத கோழியும் அதில் போயிருக்கும். வளர்த்தவர்களுக்கு அது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. அதனால் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் மறைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். நோய்க் கோழியை அவசரமாக விற்காதீர்கள். அறுத்துத் தின்னாதீர்கள். மிருக ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, போன முறை 12 முட்டை வைத்தேன். பத்துப் பொரித்தது. ஒன்றைப் பருந்து தூக்கியது. ஒன்று காரணம் தெரியாமல் செத்தது. எட்டு வளர்ந்தது. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. 1991-ல் பட்டியல் எழுதிய அதே நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் பத்தாவது வரி சேச்சி பெயர். சேச்சி இன்று இல்லை. ஆனால் அவர் பேத்தி இன்றும் எங்கள் தெருப் பட்டியலில் இருக்கிறாள்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். இரண்டாவது வரியில் அடுத்த வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள்.
2. தடுப்பு மருந்தைப் பக்கத்து வீடுகளோடு சேர்ந்து போடுங்கள்.
3. கழிச்சலில் செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதையுங்கள்.
4. போட்ட தேதியையும் அடுத்த தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. சேச்சியின் கோழிகள் சாகக் காரணம் என்ன?
2. ஒரு குப்பி மருந்துக்குப் பத்து வீடுகள் ஏன் சேர வேண்டியிருந்தது?
3. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது? பட்டியல் எழுதுங்கள்.