நைரோபியிலிருந்து செரெங்கெற்றி வரை: தரைவழியே ஒரு வனவிலங்குப் பயணம்

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் நூற்றாண்டுக் கொண்டாட்டங்களுக்கிடையே என்னையும் பேச அழைத்தமைக்கு நன்றி. “கனமான விடயம் வேண்டாம், போய்வந்த பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று செயலாளர் கேட்டிருந்தார். பயணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கனம் கொஞ்சம் வந்துசேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 பெப்ரவரியில் எங்கள் வகுப்புத் தோழிகள் ஐவர் கென்யாவின் தலைநகரான நைரோபியில் கூடினோம். ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து, ஒருத்தி சிட்னியிலிருந்து, ஒருத்தி ஒஸ்லோவிலிருந்து, நான் லண்டனிலிருந்து. ஐந்தாமவள் மட்டும் இங்கே, தன் சொந்த ஊரிலிருந்து வந்தாள். எல்லோருக்கும் அறுபது கடந்துவிட்டது. அங்கிருந்து தன்சானியாவின் செரெங்கெற்றி தேசியப் பூங்காவுக்கு ஏறக்குறைய 600 கிலோமீற்றர். அருஷா நகரிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் கடைசிப் பகுதியை ஒரு மணித்தியாலமளவில் கடந்துவிடலாம். நாங்கள் முழுத் தூரத்தையும் வீதியாலேயே போவதென்று தீர்மானித்தோம். புவியியல் பாடத்தில் வரைந்து நிறந்தீட்டிய பிளவுப் பள்ளத்தாக்கை மேகத்துக்கு மேலிருந்து பார்க்க எங்களில் எவருக்கும் மனமில்லை.

நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மத்தியகோடு பக்கத்தில்தான், ஆனாலும் விடியற்காலையில் சுவெற்றர் வேண்டும். தெற்கே கஜியாடோ ஊடாக நமங்கா எல்லைக்குச் சுமார் 160 கிலோமீற்றர். அங்கே இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் வேலை சுணங்கவில்லை. கென்யாவிலிருந்து வருவோர் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் காட்டவேண்டும். பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளைக் கென்யா 2017 இலும் தன்சானியா 2019 இலும் தடைசெய்துவிட்டன. எங்கள் ரொறன்ரோத் தோழி முறுக்கும் பருத்தித்துறை வடையும் சுற்றிக் கொண்டுவந்த பைகளுக்கு எல்லையிலே பிரியாவிடை கொடுத்தோம். முறுக்கு தப்பியது!

வழியெங்கும் தேநீர்க் கடைகள். சுவாகிலி மொழியிலும் சப்பாத்திக்குப் பெயர் சப்பாத்திதான், தேநீருக்குப் பெயர் சாய்தான். சோளமாவில் கிண்டும் உகாலி எங்கள் களியின் தூரத்து உறவு. அருஷாவைத் தாண்டினால் ‘ம்ரோ வா ம்பு’ என்றோர் ஊர். பெயரின் பொருள் நுளம்பாறு. அங்கே செவ்வாழைப்பழம் குலைகுலையாகத் தொங்குகிறது. அந்த ஊரைக் கடந்ததும் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் எதிரே செங்குத்தாக எழும்புகிறது. வீதி வளைந்து வளைந்து ஏற, கீழே மன்யாரா ஏரி வெள்ளித் தகடாய்க் கிடந்தது. கரும்பலகையில் இரண்டு கோடுகளாகப் பார்த்த பூமியின் பிளவு அது. வாகனத்தில் சிறிது நேரம் பேச்சே இல்லை.

அதன் பிறகு ங்கோரோங்கோரோ. இருபது இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு பெரும் எரிமலை உள்ளே சரிந்து உண்டான கிண்ணம். விளிம்பிலிருந்து 600 மீற்றர் கீழே 260 சதுரக் கிலோமீற்றர் புற்றரை. சிங்கம், எருமை, வரிக்குதிரை, அருகிவரும் கறுப்புக் காண்டாமிருகம் எல்லாம் அதற்குள் உண்டு. ஒட்டகச்சிவிங்கி மட்டும் இல்லை. அந்தச் சரிவு அதன் நீண்ட கால்களுக்கு ஒத்துவராது.

கிண்ணத்தைத் தாண்டி மேற்கே இறங்கினால் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கு. அங்கே வளரும், எங்கள் மருளின் இனமான ஒரு செடிக்கு மாசாய் மொழியில் ‘ஒல்டுபாய்’ என்று பெயர். இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1959 இல் மேரி லீக்கி என்ற அம்மையார் பதினேழரை இலட்சம் ஆண்டு பழைமையான மண்டையோட்டை இங்கேதான் கண்டெடுத்தார். இதற்குத் தெற்கே லேற்றோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடித் தடங்களை அவருடைய குழுவினர் வெளிக்கொணர்ந்தனர். அவற்றின் வயது 36 இலட்சம் ஆண்டுகள். நிமிர்ந்து நடந்தவர்களின் தடங்கள். மாணவிகளே, முறையான பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு பெண், மண்ணில் முழங்காலிட்டுப் பல்லாண்டு தேடிக் கண்டவை இவை.

செரெங்கெற்றி என்ற சொல்லும் மாசாய் மொழியிலிருந்தே வந்தது. முடிவில்லாத சமவெளி என்பது பொருள். பூங்காவின் பரப்பு 14,763 சதுரக் கிலோமீற்றர். எங்கள் வட மாகாணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வில்டபீஸ்ற் என்ற விலங்கை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மான் இனந்தான், ஆனால் மாட்டின் கொம்பும் குதிரையின் வாலும் வைத்தது போல இருக்கும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை, வரிக்குதிரைகளும் கூடிவர, மழையையும் புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக நடக்கின்றன. யூலைக்குப் பின் வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். பெப்ரவரியில் தெற்குச் சமவெளியில் ஈனும். நாங்கள் போனது ஈனும் காலம். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து தாயோடு ஓடியதைக் கண்ணால் கண்டோம். கழுதைப்புலி காத்து நின்றதையும் கண்டோம்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த ஈனும் சமவெளியின் பெரும்பகுதி தேசியப் பூங்காவுக்குள் இல்லை. ங்கோரோங்கோரோப் பாதுகாப்புப் பிரதேசத்துக்குள் இருக்கிறது. அங்கே மாசாய் மக்கள் மாடு மேய்த்து வாழ்கிறார்கள். வில்டபீஸ்ற் கன்றுகளிலிருந்து மாடுகளுக்கு ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும். அதனால் ஈனும் காலத்தில் மாசாய்கள் தங்கள் மந்தையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுவார்கள். கன்றுகள் வளர்ந்த பிறகே திரும்புவார்கள். விலங்கோடு நிலத்தைப் பங்கிட்டு வாழ்வதற்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட ஒழுங்கு அது.

ஆனால் நிலம் அவர்களுக்குச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில், 1958 இல், மாசாய் மூத்தோர் சிலரிடம் ஓர் உடன்பாட்டில் ஒப்பம் வாங்கப்பட்டது. 1959 இல் செரெங்கெற்றி மனிதர் வாழாத பூங்காவாக்கப்பட, அங்கிருந்தவர்கள் ங்கோரோங்கோரோவுக்கு வந்தார்கள். இங்கே தொடர்ந்து வாழலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1974 இல் கிண்ணத்தின் அடித்தளத்தில் வாழ்ந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். 2022 தொடக்கம், பல நூறு கிலோமீற்றர் கிழக்கே ம்சொமேரா என்ற இடத்துக்கு மக்களைக் குடியமர்த்தும் வேலை நடக்கிறது. சனத்தொகை பெருகிவிட்டது, மாடுகள் பெருகிவிட்டன, இயற்கை தாங்காது என்பது அரசாங்கத்தின் வாதம். சனத்தொகை பெருகியது உண்மைதான். விரும்பியே போகிறார்கள் என்றும் அரசாங்கம் சொல்கிறது. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் தேயவிட்டால் விருப்பம் எங்கிருந்து வரும் என்று மக்கள் கேட்கிறார்கள். 2024 ஓகஸ்ற்றில் ஆயிரக்கணக்கான மாசாய்கள் சுற்றுலா வாகனங்கள் போகும் இந்த வீதியில் கூடி நின்று தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள்.

வழியில் ஒரு மாசாய்க் குடியிருப்பில் இறங்கினோம். அங்கே வீடு கட்டுவது பெண்களின் வேலை. தடி நட்டு, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுகிறார்கள். எங்கள் வயதையொத்த ஓர் அம்மா தன் வீட்டுக்குள் அழைத்துப் பால் தேநீர் தந்தார். சாணம் மெழுகிய சுவரை எங்கள் சிட்னித் தோழி தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று சாரதி எங்களை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா அவர் மூலமாக ஒரு கேள்வி கேட்டார்: “உங்களில் எத்தனை பேர் தாய் வாழ்ந்த இடத்தில் வாழ்கிறீர்கள்?” ஐவரில் ஒருத்திதான் கையை உயர்த்தினாள். அவளும் இடம்பெயர்ந்து பல வருடங்கள் வெளியே இருந்து திரும்பியவள். அந்த அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குவளைகளில் மறுபடி தேநீர் ஊற்றினார்.

காடும் விலங்கும் காக்கப்பட வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. எங்கள் நாட்டிலும் 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா உருவானபோது, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. எழும்பிப் போ என்று சொல்லப்படுவது எப்படியிருக்கும் என்பதை இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. விமானத்தில் போயிருந்தால் சிங்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்போம். வீதியால் போனதால் அந்த அம்மாவையும் பார்த்தோம்.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கறுப்பு, கடுநீல உடுப்புகளைத் தவிருங்கள். செற்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். பூங்காவுக்குள் மண்பாதை, புழுதிக்கு ஒரு துணி கழுத்தில் இருக்கட்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் குலுக்கத்துக்கு ஆயத்தமாகப் போங்கள். படம் எடுக்கமுன் அந்த மக்களிடம் அனுமதி கேளுங்கள். உங்களைக் கூட்டிச் செல்பவர்களிடம், நாங்கள் கட்டும் காசில் இங்கே வாழும் மக்களுக்கு என்ன போகிறது என்றும் கேளுங்கள். பலர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மாணவிகளே, பூமிப்படத்தைப் பார்க்கும்போது பச்சை நிறம் பூசிய இடங்களில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் தேடிப் படியுங்கள். எங்கள் கல்லூரி எங்களுக்குக் கேள்வி கேட்கப் பழக்கியது. உங்களுக்கும் அதைப் பழக்கும்.