கால்பந்துக் கழகமும் கரியமிலவாயுக் கணக்கும்

கொல்கத்தாவிலும் கொச்சியிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கால்பந்தாட்டத்தின் வெற்றி தோல்விக் கணக்கு நன்கு பழக்கமானது. அவ்வாட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்டம் நடப்பதற்காக எரிக்கப்படும் நிலக்கரி, பெட்ரோல், டீசல் முதலியவற்றால் வானில் கலக்கும் கரியமிலவாயு எவ்வளவு என்பதே அது. இதனைக் கரிமத்தடம் என்று வழங்குகிறார்கள். தொழில்முறைக் கழகம் ஒன்று இதனை எவ்வாறு குறைக்கலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

விளையாட்டுக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். இங்கிலாந்தின் வட எல்லையை அடுத்த கார்லைல் நகரத்துக் கழகத்தின் மைதானம் 2005-லும், மறுபடியும் 2015 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டாம் முறை, சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களை வேற்றூர் மைதானங்களில் ஆட நேர்ந்தது. ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் கூறுதல் பொருந்தாது. எனினும் சூடேறிய காற்று மிகுந்த ஈரத்தைச் சுமக்கிறது என்பதும், அதனால் பெருமழை மேலும் கடுமையாகிறது என்பதும் அறிவியலார் கண்ட உண்மைகள். புல்தரையை நம்பி வாழும் ஆட்டத்துக்கு இது சொந்த வீட்டுக் கவலையே ஆகும்.

இத்துறையில் பெயர் பெற்றது ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்னும் கழகம். இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த நெய்ல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் 1889-ல் தோன்றியது. காற்றாலை மின்சாரத் தொழில் நடத்திவந்த டேல் வின்ஸ் 2010-ல் இதன் தலைமையை ஏற்றார். பார்வையாளர் கொட்டகையின் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள் ஏறின. புல் வெட்டும் இயந்திரமும் சூரிய மின்சாரத்தால் ஓடியது. ஆட்டத்தரையில் பூச்சிமருந்து நிறுத்தப்பட்டது. வடிந்து சேரும் நீரே மீண்டும் பாய்ச்சப்பட்டது. கால்நடை வளர்ப்பினால் எழும் வாயுக்களைக் கருதி, 2015 முதல் ஆட்டக்காரர்க்கும் பார்வையாளர்க்கும் இறைச்சியும் பாலும் சேராத உணவே பரிமாறப்பட்டது. 2018-ல், கரிமச் சமநிலை எய்திய முதல் கால்பந்துக் கழகம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு இதற்குச் சான்றளித்தது.

இதனால் ஆட்டம் கெட்டதா, சிறந்ததா? 2022-ல் இக்கழகம் நான்காம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது. 2023-லும் 2024-லும் அடுத்தடுத்துக் கீழிறங்கியது. ஆகவே கூரைமேல் உள்ள தகடு கோல் போடுவதுமில்லை, கோலைத் தடுப்பதுமில்லை என்று கொள்வதே நேர்மை.

சமநிலை என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அது பூஜ்யம் அன்று. தன்னால் குறைக்க இயலாத வாயுவுக்கு ஈடாக, வேறோர் இடத்தில் நிகழும் குறைப்புக்குப் பணம் கொடுத்துத் தன் கணக்கை நேர்செய்தலே அது. வீட்டுச் செலவைச் சுருக்குவது ஒன்று. அயலார் சேமிப்பை விலைக்கு வாங்கி நம் ஏட்டில் எழுதிக்கொள்வது மற்றொன்று. முன்னதே முதற்கடமை.

எதைச் சுருக்குவது? பல கழகங்களின் கணக்கில் பெரும்பங்கு மைதானத்துக்குள்ளே இல்லை. மைதானத்துக்கு வரும் சாலையிலே இருக்கிறது. விளக்கும் உணவும் கழகத்தின் கையில் உள்ளவை. ஆயிரக்கணக்கான ரசிகர்களின் மோட்டார் வண்டிகள் அவ்வாறல்ல. நெய்ல்ஸ்வொர்த்தில் ரயில் நிலையம் இல்லை. அடுத்துள்ள ஸ்ட்ரௌட் நகரில் இறங்கித்தான் மேற்செல்ல வேண்டும். அக்கழகம் மரத்தாலான புதிய அரங்கு ஒன்றுக்குத் திட்டம் தீட்டியது. ஆனால் தேர்ந்த இடமோ பெருநெடுஞ்சாலையின் அருகே அமைந்தது. 2019 ஜூனில் உள்ளூர் மன்றம் அனுமதி மறுத்தது; திருத்திய திட்டத்துக்கு அவ்வாண்டு டிசம்பரிலேயே இசைந்தது. அரங்கு எதனால் ஆயது என்பதைப் போலவே, அதற்கு மக்கள் எதில் ஏறி வருவார்கள் என்பதும் முக்கியமான கேள்வி.

இதற்கு ஜெர்மனி நல்ல வழி காட்டுகிறது. அங்கே பல கழகங்களின் ஆட்டச்சீட்டே அன்றைய பஸ், டிராம், ரயில் பிரயாணச் சீட்டாகவும் செல்லும். தனியே செலவில்லை என்றால் மக்கள் வண்டியை வீட்டிலேயே விட்டு வருவார்கள். ஆட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். 2022-ல் பாரிஸ் நகரக் கழகம், ரயிலில் சுமார் 2 மணி நேரத்தில் சேரக்கூடிய நாந்த் நகருக்கு விமானத்தில் சென்றது. அச்செயல் பிரான்சில் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

நாம் வாழும் நகரங்களிலும் இதற்கு வாய்ப்பு உண்டு. கொச்சியில் 2017-லும் கொல்கத்தாவில் 2020-லும், கால்பந்து அரங்கின் பெயரையே தாங்கிய மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டன. நிலையம் மட்டும் போதாது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும் இரவு வேளையில் வண்டியும் ஓட வேண்டும்.

எனவே ஒரு கழகம் முதலில் ரசிகர் பிரயாணத்தையும் சேர்த்து உண்மைக் கணக்கெடுக்கட்டும். அடுத்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இசைய ஆட்ட நேரத்தை வகுக்கட்டும். பின்னர் மின்சாரத்தையும் உணவையும் திருத்தட்டும். எஞ்சியதற்கு மட்டுமே ஈடு தேடட்டும். நாமும் சீட்டு வாங்கும்போது, ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதோடு, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் கேட்போமாக. பலரும் அதைக் கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பு கழகத்துக்கு வந்தே தீரும்.